1918-ன் பம்பாய் ஜுரமும் நம் ஆசாரமும்

கொரோனா வந்த 2020-லிருந்து நம் சங்கக் கூட்டங்களிலும் கல்யாண வீடுகளிலும் ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. "இதையெல்லாம் நம் பெரியவர்கள் அன்றைக்கே சொல்லி வைத்துவிட்டார்கள்" என்பதுதான் அது. வெளியிலிருந்து வந்தால் கால் அலம்பிக்கொண்டு உள்ளே வருவது, கை குலுக்காமல் கை கூப்புவது, எச்சில், பத்து பார்ப்பது, மடி, விழுப்பு என்று பட்டியல் போட்டு, இவற்றை விடாமல் கடைப்பிடித்திருந்தால் எந்தத் தொற்று நோயும் நம்மை அண்டாது என்று முடிப்பார்கள். செல்போனில் இதே செய்தி வாரத்துக்கு இரண்டு தடவையாவது வந்து விழுகிறது. அனுப்புகிறவர்களில் என் நெருங்கிய நண்பர்களும் உண்டு.

நான் அந்தக் காலத்து பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. தபால் இலாகாவில் 36 வருஷம் உத்தியோகம் பார்த்தவன். ஒரு விஷயத்தைச் சொன்னால் அதற்கு எண் எங்கே என்று கேட்கிற பழக்கம் போகவில்லை. இந்த விஷயத்தில் நல்ல வேளையாக எண் இருக்கிறது. நூறு வருஷத்துக்கு முன்னால், ஆசாரம் இன்றைவிடப் பல மடங்கு கடுமையாக இருந்த காலத்தில், நம் நாட்டின் மிகப் பெரிய நகரங்களில் ஒன்றை ஒரு ஜுரம் பிடித்து உலுக்கியது. 1918-ம் வருஷத்து பம்பாயைத்தான் சொல்கிறேன்.

அது முதல் உலகப் போரின் கடைசி வருஷம். பம்பாய் துறைமுகத்தில் படைவீரர்களை ஏற்றி இறக்கும் கப்பல்கள் ஓயாமல் வந்து போய்க்கொண்டிருந்தன. மே மாதக் கடைசியில் வந்த ஒரு படைக் கப்பலோடு ஜுரமும் வந்து இறங்கியதாகப் பின்னால் கணித்தார்கள். ஜூன் 10-ம் தேதி, துறைமுகத்தில் காவல் பார்த்த ஏழு போலீஸ் சிப்பாய்கள் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். மலேரியா மாதிரி இருந்தது, ஆனால் மலேரியா இல்லை. அடுத்த பத்துப் பதினைந்து நாட்களில் கப்பல் கம்பெனி ஊழியர்கள், போர்ட் டிரஸ்ட் ஆட்கள், ஹாங்காங் ஷாங்காய் பாங்க் குமாஸ்தாக்கள், தந்தி ஆபீஸ், நாணயச் சாலை, ரேச்சல் சாசூன் மில் என்று வரிசையாக விழுந்தார்கள். துறைமுகத்திலிருந்து கோட்டைப் பகுதிக்கும், அங்கிருந்து மில் பகுதிக்கும் ஜுரம் நடந்து போன வழியை ஒரு வரைபடத்தில் கோடு போட்டுக் காட்டிவிடலாம்.

அப்போது பம்பாய் முனிசிபாலிட்டியின் ஹெல்த் ஆபீசராக இருந்தவர் டாக்டர் ஜே.ஏ.டர்னர். ராத்திரியில் திருடன் நுழைவது போல இது நுழைந்துவிட்டது என்ற பொருளில் அவர் எழுதி வைத்திருக்கிறார். கப்பல் சிப்பந்திகள்தான் நோயைக் கொண்டுவந்தார்கள் என்பது அவர் கட்சி. இல்லை, அவர்களுக்கு இந்த ஊரிலிருந்துதான் தொற்றியது என்பது சர்க்கார் தரப்பின் வாதம். ஃபைல் பார்த்து வாழ்ந்தவர்களுக்கு இந்தச் சண்டை ரொம்பப் பரிச்சயம். ஊரே படுத்துக் கிடக்கும்போது கூட, முதல் தப்பு யாருடைய இலாகாவில் நடந்தது என்பது தீர்ந்தாக வேண்டும்! பிளேக், காலரா போல இன்ஃப்ளுயன்சா கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய்களின் வரிசையில் அப்போது இல்லாததால், கப்பலை நிறுத்தி வைக்கவும் வழி இருக்கவில்லை. போர்ச் செய்திகளுக்குத் தணிக்கை இல்லாத ஸ்பெயின் நாட்டுப் பத்திரிகைகள் வெளிப்படையாக எழுதியதால் உலகம் இதை "ஸ்பானிஷ் ஃப்ளூ" என்றது. நம் நாட்டின் மற்ற பகுதிகளில் இதற்கு "பம்பாய் ஜுரம்" என்று பெயர். எந்த ஊரிலிருந்து வந்ததோ அந்த ஊரின் தலையில் பெயரைக் கட்டுவது மனித சுபாவம் போலும்.

ஜூன், ஜூலை மாதங்களில் வந்தது முதல் அலை. அடையாளங்கள் எல்லோருக்கும் ஒரே மாதிரி இருந்தன. சாதாரண ஜலதோஷம் மூக்கில் ஆரம்பித்து மெதுவாகத் தலைக்கு ஏறும். இது அப்படி இல்லை. காலையில் ஆபீசுக்கு நன்றாக வந்தவர் மத்தியானம் நாற்காலியிலேயே நடுங்கினார். எந்த மணிக்கு ஜுரம் வந்தது என்று நோயாளியால் சொல்ல முடிந்தது. 102, 103, 104 டிகிரி. கண்ணுக்குப் பின்னால் குத்தும் தலைவலி, முதுகிலும் தொடையிலும் அடித்துப் போட்ட மாதிரி வலி, வறட்டு இருமல், எழுந்து உட்கார முடியாத அசதி. மூன்று நான்கு நாளில் ஜுரம் விட்டுவிடும். இருமலும் பலவீனமும் இரண்டு மூன்று வாரம் இழுக்கும். இன்றைக்கும் ஃப்ளூவின் முகம் இதுதான். ஜூலை 3-ம் தேதி ஒரே நாளில் பம்பாயில் 230 பேர் இறந்தார்கள். இருந்தாலும், படுத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் எழுந்துவிட்டதால் மூன்று நாள் ஜுரம்தானே என்று ஜனங்கள் மறக்க ஆரம்பித்தார்கள்.

செப்டம்பரில் திரும்பி வந்தது அதே பெயருள்ள வேறு ஜுரம் என்றே சொல்ல வேண்டும். மூன்றாவது நான்காவது நாளில் நெஞ்சு கட்டிக்கொண்டது. சளியில் ரத்தம், மூக்கிலிருந்து ரத்தம், ஜன்னி, மூச்சுத் திணறல். உதடும் காதும் நீலம் பாரித்துவிட்டால் டாக்டர்கள் நம்பிக்கையை விட்டுவிடுவார்கள். அக்டோபர் 6-ம் தேதி பம்பாயில் இறந்தவர்கள் 768 பேர். 1911 சென்சஸ்படி நகரத்தின் ஜனத்தொகை 9,79,445. பத்து லட்சம் பேர் உள்ள ஊரில் ஒரு நாளில் 768 என்றால் மயானங்களில் என்ன நிலைமை இருந்திருக்கும் என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை.

இன்னொரு விசித்திரம். ஃப்ளூ என்றால் குழந்தைகளையும் கிழவர்களையும்தான் கொண்டுபோகும். இந்த அலை 20 முதல் 40 வயது வரை உள்ள திடகாத்திரமானவர்களை வாரிக்கொண்டு போனது. ஆண்களைவிடப் பெண்கள் அதிகம். கர்ப்பிணிகள் பாடு மகா மோசம். வீட்டில் எல்லோரும் படுத்திருக்க, தனக்கும் ஜுரம் அடிக்கும்போதே கஞ்சி வைத்து, துணி அலசி, பிள்ளைகளுக்குப் பணிவிடை செய்து, கடைசியில் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. இந்திய சர்க்காரின் சானிட்டரி கமிஷனராக இருந்த நார்மன் ஒயிட்டின் கண்ணிலும், பின்னால் 1921 சென்சஸ் எடுத்தவர்கள் கண்ணிலும் இந்தப் பெண்கள் கணக்கு பட்டிருக்கிறது.

என் அப்பாவின் அப்பா அந்தச் சமயத்தில் பம்பாயில் இருந்தார். 24 வயது. மாயவரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து டைப்ரைட்டிங், ஷார்ட்ஹேண்ட் படித்துவிட்டு வந்து, கோட்டைப் பகுதியில் ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தா. அந்தக் கால வழக்கப்படி நம்மவர்கள் நாலு பேர் சேர்ந்து கிர்காமில் ஒரு சாலில் ஒரே அறை எடுத்து, சமையலுக்கு ஒரு பாலக்காட்டு ஐயரை வைத்துக்கொண்டு "சம்மரி" நடத்தினார்கள். (இந்த வார்த்தை தெரிந்தவர்கள் நம் அங்கத்தினர்களில் இன்னும் சிலர் இருக்கலாம்.) தாத்தா 1971-ல் காலமானார். எனக்கு அப்போது 22 வயது. ஆகையால் இதையெல்லாம் அவர் வாயாலேயே கேட்டிருக்கிறேன்.

அந்த அறையில் ஆசாரத்துக்குக் குறைவில்லை. ஆபீஸ் உடுப்பைக் கதவுக்கு வெளியே ஆணியில் மாட்டிவிட்டு, குழாயடியில் கை கால் அலம்பி, உலர்த்திய வேஷ்டியைக் கட்டிக்கொண்டுதான் உள்ளே வருவார்கள். ஒருவர் டம்ளரை மற்றவர் தொடமாட்டார். எல்லோரும் தூக்கித்தான் குடிப்பார்கள். ஜூலையில் நாலு பேரும் சமையல்காரரும் ஒரு வாரத்துக்குள் அடுத்தடுத்துப் படுத்தார்கள். நாலு பேரும் ராத்திரி பாய்க்குப் பாய் ஒட்டிப் படுத்து, மழைக்காலம் என்று ஜன்னலையும் சாத்திக்கொண்டு, ஒரே காற்றைத்தானே மூச்சு விட்டார்கள்! அடுப்பு மூட்ட ஆள் இல்லாமல் இரண்டு நாள் கிடந்தபோது, எதிர் அறையில் இருந்த மராட்டிய அம்மாள் கஞ்சி கொண்டுவந்து வாசலில் வைத்தாளாம். அவள் எந்த ஜாதி என்று யாரும் கேட்கவில்லை. "கேட்டிருந்தா பட்டினியே கிடந்திருப்போம்டா, அதனாலதான் கேக்கலை" என்று தாத்தா சிரிப்பார்.

அக்டோபரில் நகரம் கலைய ஆரம்பித்தது. மில் தொழிலாளிகள் மூட்டை கட்டிக்கொண்டு கொங்கணத்துக்கும் தக்காணத்துக்கும் போனார்கள். தாத்தாவும் ஊருக்கு ரயிலேறக் கிளம்பினார். அவருடைய ஆபீஸ் ஹெட்கிளார்க் தஞ்சாவூர்க்காரர், வயதானவர். "ஊருக்குப் போறியா? ஜுரமும் உன் கூடவே டிக்கெட் வாங்காம வரும். அங்க உன் அம்மாவும் ஆத்துக்காரியும் இருக்கா, யோசிச்சுக்கோ" என்றாராம். தாத்தா போகவில்லை. சம்மரியிலிருந்து போன இன்னொருவர் ஊர் போய்ச் சேர்ந்த ஒன்பதாம் நாள் அவருடைய தங்கை தவறிப்போனதாகக் கார்டு வந்தது. எது எதனால் என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கார்டைத் தாத்தா சாகிறவரை மறக்கவில்லை.

இப்போது பழக்கங்களுக்கு வருவோம். முனிசிபாலிட்டியும் மருத்துவர்களும் ஜனங்களுக்குச் சொன்ன புத்திமதி இன்றைக்குப் படித்தாலும் பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது. கூட்டம் கூடும் இடங்களுக்குப் போகாதே. காற்றோட்டமான இடத்தில், முடிந்தால் திறந்த வெளியில் படு. ஜுரம் கண்ட உடனே படுக்கைக்குப் போ, முழுவதும் குணமாகும்வரை எழுந்து வேலைக்குப் போகாதே. தூசியைத் தவிர். தொண்டையைக் கொப்பளி. பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. தெருக்களில் கிருமிநாசினி தெளித்தார்கள். சோஷியல் சர்வீஸ் லீக் போன்ற சேவா அமைப்புகளின் தொண்டர்கள் வீடு வீடாகப் போய் மருந்தும் பாலும் கொடுத்தார்கள். 1896 பிளேக் சமயத்தில் நோயாளிகளை வலுக்கட்டாயமாக ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனதை ஜனங்கள் மறக்கவில்லை. அதனால் சர்க்கார் ஆஸ்பத்திரியைவிட இந்தத் தொண்டர்களைத்தான் நம்பினார்கள். டாக்டர்களில் பலர் போர்முனைக்குப் போயிருந்தார்கள் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

கொப்பளிப்பதற்குச் சொன்ன சரக்கு பொட்டாசியம் பெர்மாங்கனேட். நம்மில் பலர் பள்ளிக்கூட லாபரட்டரியில் பார்த்த அதே கத்திரிப்பூ நிறப் படிகம். காலரா காலத்தில் கிணறுகளில் போட்டு, வட இந்தியாவில் "லால் தவா", சிவப்பு மருந்து என்று ஏற்கெனவே பெயர் வாங்கியிருந்தது. இதன் வேலை ஆக்ஸிஜனேற்றம். தண்ணீரில் மிதக்கும் கிருமியைக் கொல்லும். ஆனால் தொண்டைச் செல்லுக்குள் நுழைந்து உட்கார்ந்துகொண்ட வைரஸை அரை நிமிஷக் கொப்பளிப்பு என்ன செய்துவிட முடியும்? கெடுதல் இல்லை, அவ்வளவுதான். இன்னொரு சரக்கு தைமால். இதன் கதை சுவாரஸ்யமானது. தைமால் என்பது வேறொன்றுமில்லை, நம் ஓமத்தின் வாசனைக்கு மூலமான பொருள். போருக்கு முன்னால் ஓம விதை இங்கிருந்து ஜெர்மனிக்குக் கப்பலேறி, அங்கே தைமாலாகி உலகச் சந்தைக்கு வந்துகொண்டிருந்தது. போர் வந்ததும் அந்த வழி அடைபட்டுப்போயிற்று. நம் பாட்டிமார்கள் ஓமத்தைத் துணியில் முடிந்து முகரக் கொடுத்ததும் வெள்ளைக்கார டாக்டர் தைமால் கலந்து கொப்பளிக்கச் சொன்னதும் கெமிஸ்ட்ரிப்படி ஒரே வைத்தியம்! இரண்டும் மூக்கைத் திறந்துவிடும், சுகமாக இருக்கும். இரண்டும் ஃப்ளூவைத் தடுக்காது. தலைவலித் தைலம் என்றால் அமிர்தாஞ்சனம். அது 1893-ல் பம்பாயிலேயே பிறந்தது என்பதும், மெட்ராசுக்குக் குடிபோனது 1936-ல்தான் என்பதும் இளைய தலைமுறைக்குத் தெரிந்திருக்காது.

சுக்குக் கஷாயம், மிளகு ரசம், நொச்சி போட்டு ஆவி பிடிப்பது எல்லாம் நடந்தன. குடிக்கத் தண்ணீராகாரம், படுக்க இடம், பக்கத்தில் ஒரு ஆள் என்று இருந்தவர்கள் பிழைப்பதற்கு இவை உதவியிருக்கும். மருந்து என்பதால் அல்ல, யாரோ ஒருவர் வேளா வேளைக்குக் கொண்டுவந்து கொடுத்தார் என்பதால். குயினைன் மலேரியாவுக்குத்தான், இதற்குப் பிரயோஜனம் இல்லை. தெருவுக்கு மருந்தடித்ததும் வீண்.

இவற்றில் உண்மையாகவே வேலை செய்யக்கூடியவை மூன்றே மூன்றுதான். கூட்டத்தைத் தவிர்ப்பது, காற்றாடப் படுப்பது, ஜுரக்காரர் எழுந்து நடமாடாமல் இருப்பது. மூன்றுக்கும் பைசா செலவில்லை என்று தோன்றும். பம்பாயில் இவற்றைவிட விலை உயர்ந்த சரக்கு கிடையாது. நகரத்தில் பெரும்பாலோர் ஒற்றை அறைக் குடித்தனம். அறைக்கு ஆறு பேர், எட்டு பேர். கூலிக்காரன் ஒரு வாரம் படுத்தால் அந்த வாரம் சோறு இல்லை. அதோடு அந்த வருஷம் பருவமழை சுமார் 25 சதவீதம் பொய்த்து, தானிய விலை ஏறிக் கிடந்தது. திறந்த வெளியில் படு என்று அச்சடித்த நோட்டீசை அவன் என்ன செய்வான்?

இப்போது நான் முதலில் சொன்ன எண். 1918-ல் பம்பாயில் இன்ஃப்ளுயன்சாவால் இறந்தவர்களை டர்னரின் இலாகா சமூக வாரியாகப் பிரித்துப் போட்டிருக்கிறது. ஆயிரம் பேருக்கு எத்தனை பேர் என்று கணக்கு. ஐரோப்பியர் 8.3. பார்சிகள் 9.0. ஆங்கிலோ இந்தியர் 11.9. யூதர்கள் 14.8. இந்தியக் கிறிஸ்தவர்கள் 18.4. ஜாதி ஹிந்துக்கள் 18.9. முஸ்லிம்கள் 19.2. கடைசியாக, அந்தக் கால சர்க்கார் குறிப்பு "தாழ்ந்த ஜாதி ஹிந்துக்கள்" என்று எழுதியவர்கள் 61.6.

இந்தப் பட்டியலை முதலில் பார்த்தபோது கடைசி எண்ணை அச்சுப் பிழை என்று நினைத்து வேறொரு புத்தகத்திலும் தேடினேன். அதிலும் அதேதான். கையிலிருந்த ஜனத்தொகைக் கணக்கு 1911-ல் எடுத்தது, ஏழு வருஷத்தில் கூலிக்காரர்கள் நிறையப் பேர் வந்து சேர்ந்திருப்பார்கள், ஆகவே விகிதம் கொஞ்சம் கூடுதலாகத் தெரியலாம் என்று புள்ளிவிவரக்காரர்கள் ஆட்சேபம் சொல்லக்கூடும். சரி, அதற்காகக் கொஞ்சம் கழித்தாலும் மற்றவர்களைப் போல மூன்று மடங்கு என்பது இரண்டு மடங்காகலாம், சமமாகிவிடாது.

இதை நம் ஆசாரக் கேள்வியோடு பொருத்திப் பாருங்கள். நம்மவர்கள் அடங்கிய ஜாதி ஹிந்துக்கள் 18.9. முஸ்லிம்கள் 19.2. கிறிஸ்தவர்கள் 18.4. சாப்பாடு, குளியல், மடி, தீட்டு எல்லாவற்றிலும் வேறு வேறான மூன்று சமூகங்கள், இறப்பில் கிட்டத்தட்ட ஒரே எண். பிராமணர்களுக்கென்று தனிக் கணக்கு இந்தப் பட்டியலில் இல்லை. ஆகையால் நமக்கு மட்டும் குறைவு என்று சொல்ல யாரிடமும் ஆதாரம் கிடையாது. பாதியாகக் குறைந்தது பார்சிகளுக்குத்தான். அவர்களுக்கு நல்ல வீடு, நல்ல வருமானம், சமூகத்துக்குள்ளேயே டாக்டர்களும் தர்ம ஸ்தாபனங்களும் இருந்தன. எந்த எண்ணைத் தொட்டாலும் அது வீட்டின் ஜன்னலைத்தான் காட்டுகிறது, பூஜை அறையைக் காட்டவில்லை.

கை கால் அலம்புவது நல்ல பழக்கமா என்றால் சந்தேகமில்லாமல் நல்ல பழக்கம். இந்த வைரஸுக்கு மேலே கொழுப்பால் ஆன ஓர் உறை உண்டு, சோப்பு அதைக் கரைத்துவிடும். வயிற்று நோய்களுக்கு இது இன்னும் பெரிய காப்பு. ஆனால் ஃப்ளூ முக்கியமாக மூச்சுக் காற்றோடு போகிற சங்கதி. ஜுரம் தெரிவதற்கு ஒரு நாள் முன்னாலிருந்தே பரப்ப ஆரம்பித்துவிடும். தனி டம்ளர் வைத்துக்கொண்டு ஒரே அறையில் படுத்தால் டம்ளர் மட்டும்தான் தப்பிக்கும்.

தள்ளி நிற்பது நம் முன்னோர்கள் கண்ட விஞ்ஞானம் என்கிற பேச்சைப் பற்றியும் ஒன்று சொல்லித்தான் ஆக வேண்டும். சிலருக்கு வருத்தமாக இருக்கலாம். எல்லோரும் யாரைத் தள்ளி வைத்தார்களோ, அவர்கள்தான் மூன்று மடங்கு இறந்தார்கள். நோயிலிருந்து ஒதுங்குவது வேறு, மனிதரை ஒதுக்குவது வேறு. ஒதுக்கப்பட்டவர்களுக்குக் கிடைத்தது நகரத்தின் மிக நெருக்கமான, இருட்டான மூலை, மிகக் குறைந்த கூலி. ஊர் படுத்துக் கிடந்தபோதும் தெருவையும் கக்கூசையும் சுத்தம் செய்யும் வேலை நிற்கவில்லை. ஹலால்கோர் என்று அழைக்கப்பட்ட முனிசிபல் துப்புரவுத் தொழிலாளிகளில் பெரும்பாலோர் அந்த 61.6-ல்தான் அடங்குவார்கள். ஊருக்குள் மிகவும் விலக்கப்பட்டவர்கள் நோயிலிருந்தும் விலகியிருந்திருக்க வேண்டும் என்பதுதான் அந்தச் செல்போன் செய்தியின் தர்க்கம். எண் நேர்மாறாக இருக்கிறது.

பம்பாயிலிருந்து ஜுரம் நாடு முழுவதும் போனது ரயிலில். இதில் என் இலாகாவுக்கும் பங்கு உண்டு. தபால், ரயில் சிப்பந்திகள் வழியாக நோய் பரவியதை நார்மன் ஒயிட் கவனித்து எழுதியிருக்கிறார். ரயில்வே மெயில் சர்வீஸ் வண்டியில் ராத்திரி முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு கடிதம் பிரித்துப் போடும் சார்ட்டர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பெட்டிக்குள் ஒருவர் தும்மினால் போதும். வங்காளம், மெட்ராஸ் மாகாணங்களில் சாவு ஒப்பிட்டால் குறைவு. பம்பாய் மாகாணமும் மத்திய மாகாணங்களும் சூறையாடப்பட்டன. ஒயிட் 1919-ல் முதலில் போட்ட கணக்கு 60 லட்சம் சாவு. 1921 சென்சஸ் வந்ததும் அது ஒரு கோடியே இருபது லட்சத்தைத் தாண்டியது. பின்னால் வந்த ஆராய்ச்சியாளர்கள் ஒரு கோடியே நாற்பது லட்சம் என்றும், ஒரு கோடியே எண்பது லட்சம் என்றும் சொல்கிறார்கள். எதை எடுத்தாலும் உலகத்தில் வேறெந்த நாட்டையும்விட இங்கேதான் அதிகம். 1911-லிருந்து 1921 வரையிலான பத்து வருஷத்தில் இந்தியாவின் ஜனத்தொகை கூடவில்லை, குறைந்தது. சென்சஸ் வரலாற்றில் இருபதாம் நூற்றாண்டில் அப்படிக் குறைந்த ஒரே தசாப்தம் அது.

மகாத்மா காந்திக்கும் இந்த ஜுரம் வந்ததாகப் பல கட்டுரைகளில் எழுதுகிறார்கள். 1918 ஆகஸ்டில் அவரைப் படுக்கையில் தள்ளியது கடுமையான சீதபேதி. சுயசரிதையிலேயே அதை விவரித்திருக்கிறார். ஆனால் அவருடைய மூத்த மகன் ஹரிலாலின் மனைவி சஞ்சலும் ஒரு பேரக் குழந்தையும் இன்ஃப்ளுயன்சாவுக்குப் பலியானது உண்மை. ஹிந்திக் கவிஞர் நிராலா தம் மனைவியையும் குடும்பத்தில் பலரையும் இதில் இழந்தார். கங்கையில் பிணங்கள் மிதந்ததைப் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

இத்தனைக்கும் காரணம் என்ன என்று அன்று யாருக்கும் தெரியாது. 1892-ல் ஃபைஃபர் கண்டுபிடித்த ஒரு பாக்டீரியாதான் குற்றவாளி என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். வைரஸ் 1933-ல்தான் லண்டனில் அகப்பட்டது. ஃபெர்ரெட் என்ற கீரி போன்ற பிராணிக்கு நோயைக் கொடுத்துப் பரிசோதித்தபோது, அதில் ஒன்று வில்சன் ஸ்மித் என்ற விஞ்ஞானியின் முகத்தில் தும்ம, அவருக்கு ஃப்ளூ வந்தது. அவர் தொண்டையிலிருந்து எடுத்த வைரஸ் அவர் பெயரின் முதலெழுத்துகளாலேயே இன்றும் அறியப்படுகிறது. ஃபைஃபரின் பாக்டீரியாவும் சும்மா போகவில்லை. அதைக் கலப்பில்லாமல் பிரித்து வளர்க்கப் பெனிசிலின் உதவும் என்பதுதான் 1929-ல் ஃப்ளெமிங் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் தலைப்பிலேயே இருந்த செய்தி! 1918-ல் இறந்தவர்களில் பெரும்பாலோரைக் கடைசியில் கொன்றது ஃப்ளூவின் பின்னால் வந்த பாக்டீரியா நிமோனியா என்று 2008-ல் வெளியான ஆய்வு காட்டியது. பெனிசிலின் ஒரு தலைமுறை முந்தி வந்திருந்தால் அவர்களில் பலர் பிழைத்திருப்பார்கள்.

1957-ல் "ஏஷியன் ஃப்ளூ" வந்தபோது அது நுழைந்த வாசல் பம்பாய் அல்ல, மெட்ராஸ் துறைமுகம். மே மாதம், சிங்கப்பூர்ப் பக்கத்திலிருந்து வந்த கப்பலில். எனக்கு எட்டு வயது. பள்ளிக்கூடம் போகாமல் ஒரு வாரம் ரசம் சாதம் சாப்பிட்டது மட்டும் நினைவிருக்கிறது. கூனூர் பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டில் அதற்குள் இன்ஃப்ளுயன்சா மையம் ஏற்பட்டிருந்ததால் வைரஸை உடனே அடையாளம் கண்டார்கள். சுமார் 44 லட்சம் பேர் படுத்ததாகப் பதிவாயிற்று, இறந்தவர்கள் ஆயிரத்தை ஒட்டி. 2009-ல் பன்றிக் காய்ச்சல் என்ற பெயரில் எச்1என்1 வந்து, புனேயில் ஆகஸ்ட் மாதம் முதல் மரணம் நேர்ந்தபோது கடைகளில் முகக் கவசம் தீர்ந்துபோனது. அது 1918-ன் வைரஸுக்கு ஒருவகையில் தூரத்து உறவு.

2020-ல் மறுபடி பம்பாய். ஃப்ளூ இல்லை, வேறு வைரஸ். ஆனால் 1897-ல் பிளேக்குக்காகப் போட்ட அதே தொற்றுநோய்ச் சட்டம், வீட்டிலேயே தனித்திருங்கள் என்ற அதே புத்திமதி. மாதுங்காவில் இருந்த நம்மவர்கள் தனி அறையில் இருந்தார்கள். மாதுங்காவின் அகலமான தெருக்களும் ஐந்து தோட்டங்களும், பிளேக்கைக் கண்டு பயந்து 1898-ல் அமைத்த இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் போட்ட திட்டத்தில் பிறந்தவை. நாம் கேட்டு வாங்கியது இல்லை, நமக்கு வாய்த்தது. ரயில் பாதையைத் தாண்டி நடந்து போகிற தூரத்தில் தாராவி. பத்துக்குப் பத்து அறையில் எட்டுப் பேரிடம் தனித்திரு என்று சொல்லிப் பயனில்லை என்பதை இந்த முறை முனிசிபாலிட்டி புரிந்துகொண்டது. பள்ளிக்கூடங்களையும் கல்யாண மண்டபங்களையும் எடுத்துக்கொண்டு, வரிசையாகக் கட்டில் போட்டு, மூன்று வேளைச் சாப்பாட்டோடு அவர்களை அங்கே தங்க வைத்தார்கள்.